மலையக அருவிகளுக்குப் புறப்படும் யாழ்ப்பாணத்தாருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான். வான் பேசியாகிவிட்டது, நுவரெலியாவுக்குப் போகிறோம், வழியில் எந்த அருவியைப் பார்ப்பது, பிள்ளைகளைக் குளிக்க விடலாமா, அம்மம்மாவை அழைத்துச் செல்லலாமா என்று கேட்கிறார்கள். அப்படி என்னிடம் வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு கவலை இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது: நாங்கள் கிணற்றுத் தண்ணீரோடு வளர்ந்தவர்கள், பாயும் தண்ணீரின் குணம் எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் குளிப்பது பற்றிய பதிலை மட்டுமாவது தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஏன் ஓர் அருவிகூட இல்லை?

குடாநாடு சுண்ணாம்புக்கல்லால் ஆன தட்டை நிலம். பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிவிடுகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்த நீர் மேலே தலைகாட்டும் இடங்கள். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழுந்துவிடும். மலையகத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே நிலத்தின் அடியில் இருப்பது மிகப் பழைய, இறுகிய பாறை. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலே ஓடுகிறது. நாட்டின் நடுப்பகுதி படிப்படியாக உயர்ந்திருப்பதால், ஆறு ஒவ்வொரு படியின் விளிம்புக்கு வரும்போதும் குதிக்கிறது.

எந்த மாதத்தில் போனால் அருவி நிறைந்திருக்கும்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. பலர் ஏமாந்து திரும்புவது இந்த இடத்தில்தான்.

மலையகத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு, இரண்டுக்கும் வேறு வேறு மழை. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை, தலவாக்கலைப் பக்கம் கொட்டும். அந்த மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளை, கொஸ்லாந்தைச் சரிவுகள், மழை மறைவில் காய்ந்துகொண்டிருக்கும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை ஊவாவை நிரப்பும். எங்கள் மாரிமழையும் அதே காற்று கொண்டுவருவதுதான். யாழ்ப்பாணத்தில் கிணறு நிறையும் காலத்தில் பதுளைப் பக்கத்து அருவிகளும் நிறையும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இதை எங்கள் நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். ஆடிமாதம் கதிர்காமக் கந்தனைக் கும்பிட்டுவிட்டு வெல்லவாய வழியாகத் திரும்பும் குடும்பங்கள் தியலும அருவியை எட்டிப்பார்ப்பது வழக்கம். 220 மீற்றர் உயரமான அருவி என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் பாறைமேல் ஒரு மெல்லிய கோடுதான் தெரியும். அருவியில் குறையில்லை, காலம்தான் பொருந்தவில்லை. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு புறப்படுகிறவர்களுக்கு ஹட்டன், தலவாக்கலைப் பக்கமே சரி. தைப்பொங்கலை ஒட்டிப் போகிறவர்களுக்கு பதுளைப் பக்கம். அந்த நேரத்தில் ஊவாவில் பெருமழையின் வேகம் தணியத் தொடங்கியிருக்கும், அருவிகளில் தண்ணீர் குறைந்திராது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போகவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும், தெருவில் வாகனங்கள் அசையாது, தங்குமிட வாடகை பல மடங்கு ஏறிவிடும். அதோடு ஏப்ரலில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை வருவது வழமை. வேறு விடுமுறை கிடைக்காதென்றால் அருவிக்குக் காலையில் போய் மத்தியானத்துக்கு முன் திரும்பிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எப்படிப் போவது? எத்தனை நாள் வேண்டும்?

ஏ9 வீதி யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கிறது. நீளம் 321 கிலோமீற்றர். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு இன்னும் எண்பது கிலோமீற்றர்வரை இருக்கிறது. கடைசிப் பகுதி முழுவதும் வளைவு. கிலோமீற்றரைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஒதுக்கிவிட்டு, நடுவில் குறைந்தது இரண்டு முழுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையிரதத்தில் போக விரும்புகிறவர்கள் கொழும்புவரை போகத் தேவையில்லை. வடக்குப் பாதையும் மலையகப் பாதையும் பொல்காவலையில் சந்திக்கின்றன. அங்கே இறங்கி பதுளைப் பக்கம் போகும் வண்டிக்கு மாறலாம். தலவாக்கலையை ஒட்டி ஓடும்போது சென் கிளயார் அருவி வண்டியிலிருந்தே தெரியும். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. எதுவரை வண்டி ஓடுகிறது என்று புகையிரத நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

வானில் போகிறவர்களுக்கு நான் சொல்லும் சுற்று இது. கண்டியிலிருந்து ஏ5 வீதியில் றம்பொடை அருவியைப் பார்த்துக்கொண்டு நுவரெலியா போய் இரவு தங்குங்கள். மறுநாள் நானுஓயா, தலவாக்கலை வழியாக இறங்கினால் சென் கிளயார், டெவன் இரண்டும் வீதியிலிருந்தே தெரியும். ஹட்டன் தாண்டி கினிகத்தேனைக்கு வந்தால், நோர்ட்டன்பிரிட்ஜ் போகும் வீதியில் அபர்டீன் அருவி. அங்கிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாக மறுபடியும் கண்டி. வந்த வழியே திரும்பவேண்டியதில்லை. பதுளை, எல்ல, தியலும, பம்பரகந்த ஆகியவற்றை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக அடைத்தால் பிள்ளைகள் அருவியைவிட வானின் இருக்கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

இரவோடு இரவாக ஓடினால் ஒரு நாள் மிஞ்சுமே?

வேண்டாம். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கரண்டிஎல்லப் பகுதியில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இடம் நாங்கள் நுவரெலியாவுக்குப் போகும் பாதையை ஒட்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் இரவில் பள்ளத்தில் போனது.

எங்கள் ஓட்டுநர்கள் திறமையானவர்கள், ஆனால் தட்டை நிலத்தில் ஓடிப் பழகியவர்கள். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் நேராக ஓடிவிட்டு, தூக்கக் கண்ணோடு மலைவளைவுக்குள் நுழைவதுதான் ஆபத்து. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கவேண்டும். மலைப்பாதையில் ஓடிய அனுபவம் உண்டா என்று வான் பேசும்போதே கேளுங்கள். மாத்தளையிலோ கண்டியிலோ ஓர் இரவு தங்கி, வெளிச்சம் வந்தபின் மேலே ஏறுங்கள். அந்த ஓர் இரவுச் செலவைக் குறைக்கவேண்டாம்.

அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவர் பார்க்கக்கூடியவை எவை?

நிறையவே உண்டு. டெவன் 97 மீற்றர், சென் கிளயார் 80 மீற்றர். இரண்டுக்கும் வீதியோரத்தில் நின்று பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. 109 மீற்றர் உயரமான றம்பொடை அருவியை வீதியிலிருந்தே பார்க்கலாம். எல்லவிலிருந்து வெல்லவாய போகும் வழியில் இராவணன் அருவி, வீதிக்கு ஒட்டியே விழுகிறது. தியலுமவின் அடிவாரமும் வீதியருகில்தான்.

நடக்க முடியாதவர்களுக்கு ஒத்துவராதவை: பதுளைக்கு அருகிலுள்ள துன்ஹிந்த (ஒன்றரைக் கிலோமீற்றர் அளவில் ஏற்ற இறக்கமான காட்டுப்பாதை), அபர்டீன் (படிகள் அதிகம், திரும்பி ஏறுவது கடினம்), பம்பரகந்த. பம்பரகந்த 263 மீற்றர், இலங்கையில் இதைவிட உயரமான அருவி இல்லை. ஹல்துமுல்லைக்குக் கிட்டவுள்ள கலுபஹனச் சந்தியிலிருந்து ஒடுங்கிய பாதையில் மேலே போகவேண்டும். சுற்றிலும் பைன் மரங்கள், உதிர்ந்த பைன் இலையில் கால் வழுக்கும்.

பிள்ளைகள் குளிக்கலாமா?

அருவி விழும் இடத்தில் வேண்டாம். கீழே ஆழமில்லாத ஓடையில், ஊர்மக்கள் குளிக்கும் இடத்தில், மழையில்லாத நாளில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கக் காலை நனைக்கலாம், தண்ணீரை அள்ளி வார்க்கலாம். இதற்குமேல் நான் யாருக்கும் சம்மதம் சொல்வதில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

“என் மகன் கீரிமலையில் நீந்துவான், கடலிலும் நீந்துவான்” என்று பெற்றோர் சொல்வார்கள். கேணியில் தண்ணீர் நிற்கிறது. அருவித் தடாகத்தில் தண்ணீர் மேலிருந்து அறைந்து, அடிக்குப் போய், சுழன்று, மறுபடியும் விழும் இடத்துக்கே திரும்பி வருகிறது. அந்தச் சுழலில் அகப்பட்டவரை அது வெளியே விடாது. நுரை பொங்கும் இடத்தில் தண்ணீரோடு காற்று நிறையக் கலந்திருப்பதால் உடல் சரியாக மிதக்காது, நீந்தத் தெரிந்தவரும் கீழேதான் போவார். தடாகத்தின் அடியில் பாறை இடுக்குகளும் குகைபோன்ற பள்ளங்களும் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீரின் குளிர் இன்னொன்று. வெயிலில் நடந்து வந்து சட்டென்று குதித்தால் மூச்சு முட்டும், கைகால் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது திடீர் வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கலாம். பத்துக் கிலோமீற்றர் மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத மலையில், மழை அடித்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் உங்களிடம் வந்துவிடும். தெளிந்திருந்த நீர் கலங்கி மண்நிறமாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, சற்றுமுன் வெளியே தெரிந்த கல் மூழ்குவது – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் பையையும் விட்டுவிட்டுக் கரையேறுங்கள். நடுப்பாறையில் இருந்து படமெடுக்கும் இளைஞர்கள் இப்படித்தான் அகப்படுகிறார்கள். இரத்தினபுரிப் பக்கத்து போபத் எல்லயில் இது பலமுறை நடந்திருக்கிறது. அங்கே ஆறு மாதக் கைக்குழந்தையோடு பாறையில் அமர்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

ஒருவர் தண்ணீரில் அகப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். சேலை, சாறம், கயிறு, தடி எதையாவது எறியுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பி இருவரும் போன வீடுகள் உண்டு.

எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடம் யாரோ இறந்த இடமாகத்தான் இருக்கும். அது எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் பொருள் அதுதான். மது அருந்தியவரைத் தண்ணீருக்குக் கிட்டவே விடாதீர்கள், அவர் மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி.

தியலும அருவியின் உச்சியில் தடாகங்கள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. படங்களில் மிக அழகாகத் தெரியும், நேரிலும் அழகுதான். தடாகத்துக்கும் 220 மீற்றர் பள்ளத்துக்கும் இடையில் ஈரப்பாறை மட்டுமே இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. வழிகாட்டி ஒருவரோடு, காய்ந்த நாளில், வளர்ந்தவர்கள் மட்டும் போகலாம். சின்னப்பிள்ளைகளுடன் போகவே கூடாது. விளிம்பில் நின்று படமெடுக்கும் ஆசை வரும், அதை அடக்கத் தெரிந்தவர்கள் மட்டும் மேலே ஏறுங்கள்.

சென் கிளயாரில் தண்ணீர் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. அதற்குக் காரணம் மழைக்குறைவு அன்று.

தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை கட்டப்பட்டிருக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் நிலையம். அருவிக்கு மேலேயே ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பி, மலைக்கு அடியால் கொண்டுபோய்ச் சுழலியில் விடுகிறார்கள். அருவிக்கு மிச்சமாக விடப்படும் தண்ணீர்தான் நீங்கள் பார்ப்பது. எல்லா நேரமும் ஒரே அளவில் விழுவதில்லை. இந்தத் திட்டத்தை எதிர்த்து மலையகத்தில் பெரிய போராட்டங்கள் நடந்தன, சூழலியலாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். அணையின் கீழ் ஆற்றுப்படுகையில் இறங்காதீர்கள். வான்கதவு திறந்தால் தண்ணீர் ஒரேயடியாக வரும். சைரன் ஒலித்தால் உடனே மேலே ஏறவேண்டும்.

யாழ்ப்பாணத்தார் இதை வெறும் சுற்றுலாச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போகக்கூடாது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே மலையக ஆறுகளிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு எழுதினார். பல ஆண்டுகள் கழித்து 1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் நாங்கள் விளக்கிலும், பிறகு சுன்னாகத்து டீசல் மின்பிறப்பாக்கியிலும் காலம் தள்ளினோம். போர் முடிந்தபின் தேசிய மின்வலை சுன்னாகத்துக்கு வந்தபோது லக்சபான மின்சாரம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் மகிழ்ந்தது. அந்த மின்சாரத்துக்காகத்தான் மலையகத்தில் ஆறுகள் திருப்பப்பட்டன, அருவிகள் மெலிந்தன. அதே மலைகளில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளுக்கு மின்சாரம் வர மிக நீண்ட காலம் எடுத்தது. தலவாக்கலையில் நின்று மெலிந்த அருவியைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். அது அவர்கள் பாடப்புத்தகத்தில் இராது.

மண்சரிவு பயமாக இருக்கிறது. எப்படி அறிந்துகொள்வது?

பயம் நியாயமானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. தியலும அருவி அங்கிருந்து அதிக தூரமில்லை. டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்கள் எல்லாமே அடிவாங்கின.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் நிறம் விழிப்பாக இருக்கச் சொல்வது, செம்மஞ்சள் வெளியேறத் தயாராகச் சொல்வது, சிவப்பு வெளியேறச் சொல்வது. நீங்கள் போகும் இடத்துக்கு மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அங்கே வாழ்பவர்களுக்கு வேறு வழியில்லை, எங்களுக்கு அடுத்த மாதம் இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை கிடைக்காமல் போகும், அதனால் எங்கே போகிறீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அட்டை கடிக்குமா?

ஈரமான காட்டுப்பாதையில் கடிக்கும். வலிக்காது, இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் காயம் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துவிட்டுப் போங்கள், கையில் உப்புப் பொட்டலம் வைத்திருங்கள்.

அட்டையைவிடக் குளவிக்குத்தான் பயப்படவேண்டும். தேயிலைத் தோட்டங்களில் குளவி கொட்டித் தொழிலாளர் இறப்பது இன்னும் நடக்கிறது. பாறைச் சரிவுகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு இருக்கும். கல்லெறிவது, கூச்சலிடுவது, தீமூட்டிச் சமைப்பது எல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடுங்கள், கையை வீசி அடிக்காதீர்கள். பல இடங்களில் கொட்டுப்பட்டவரையும், மூச்சுத் திணறுகிறவரையும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

அருவித் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. மேலே தோட்டம் இருக்கிறது, உரமும் மருந்தும் கழிவும் ஓடையில் சேர்கின்றன. வீட்டிலிருந்து கொதித்தாறிய நீரைக் கொண்டுபோங்கள்.

என்ன உடுப்பு, என்ன சாப்பாடு?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் எங்கள் உடம்புக்குத் தாங்காத குளிர். ஸ்வெற்றர், காதுக்குத் தொப்பி, ஒரு சோடி மேலதிகக் காலுறை. பிடிப்புள்ள அடியுடைய சப்பாத்து அவசியம், இறப்பர்ச் செருப்போடு ஈரப்பாறையில் ஏறவேண்டாம். பெண்கள் உடைமாற்ற நல்ல இடம் பெரும்பாலான அருவிகளில் இல்லை.

சாப்பாட்டுக்கு, முதல்நாள் புளிச்சாதமும் வெங்காயப் பொரியலும் கட்டிக்கொண்டு போனால் வவுனியா தாண்டிய பிறகு நிம்மதி. மலையேறிய பின் ஹட்டன், தலவாக்கலை, பதுளை நகரங்களில் தமிழ்ச் சைவக் கடைகள் உண்டு. தோட்டப் பக்கத்துச் சிறு கடைகளில் சுடச்சுட ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கிடைக்கும், அவற்றை வாங்கிச் சாப்பிடுங்கள். பொலித்தீனையும் போத்தலையும் திரும்பிக் கொண்டுவாருங்கள்.

தோட்டத்து மக்களோடு எப்படிப் பழகுவது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களை நான் மதிக்கிறேன்.

அருவிக்குப் போகும் பாதைகளில் பல, தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் போகின்றன. அங்கே உங்களோடு தமிழில் பேசுகிறவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது வடக்கின் தமிழ்த் தலைவர்கள் எல்லோரும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறியவர்களை எங்கள் ஆட்கள் எப்போதும் மரியாதையாக நடத்தியதும் இல்லை. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வயதில் பெரியவரை ஐயா, அம்மா என்றும், ஒத்தவரை அண்ணா, அக்கா என்றும் கூப்பிட்டுப் பேசுங்கள். “தோட்டக்காட்டார்” என்ற சொல் உங்கள் வானுக்குள்ளும் வரக்கூடாது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்கக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். அவர்களின் நாட்கூலி பறித்த கொழுந்தின் நிறையோடு கட்டுப்பட்டது, நீங்கள் எடுக்கும் ஐந்து நிமிடம் அவர்களுடைய கிலோவில் குறையும். லயன் வாசலில் எட்டிப்பார்ப்பதும் வேண்டாம், அது ஒருவரின் வீடு. வழிகாட்ட ஒரு தம்பி வந்தால் கூலியை முன்கூட்டியே பேசி, பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் குடும்பமும் கூட வருகிறது. கட்டணம் வேறா?

ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் மிக அதிகம். தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுவரட்டும். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஹோட்டன் சமவெளியில் அருவி உண்டா?

பேக்கர் அருவி. உயரம் இருபது மீற்றர்தான், ஆனால் பழைய காடு சூழ விழும் அருவி என்பதால் எனக்கு உயரமான பலவற்றைவிடப் பிடித்தது. குளிக்க அனுமதி இல்லை. உலகமுடிவு என்ற செங்குத்தான மலைவிளிம்பையும் சேர்த்துச் சுற்றிவர ஒன்பது கிலோமீற்றர் அளவு நடக்கவேண்டும். விடிந்ததும் உள்ளே போய்விடுங்கள், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு உலகமுடிவைப் பெரும்பாலும் முகில் மூடிவிடும். பொலித்தீன் உறைகளை வாசலில் கழற்றி வைத்துக்கொள்வார்கள்.

அங்கே மரங்களில் தொங்கும் பாசியைக் கவனியுங்கள். அந்தக் காடு முகிலிலிருந்தே நீரைப் பிடித்து மண்ணுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. மழை விட்ட பிறகும் ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு இந்தக் காடுதான் காரணம். காட்டை வெட்டிய மலைகளில் மழை பெய்த அன்று அருவி பொங்கும், சில நாளில் வற்றும். 2010இல் யுனெஸ்கோ இந்தச் சமவெளியையும் சிவனொளிபாதமலைக் காடுகளையும் நக்கிள்ஸ் மலைத்தொடரையும் சேர்த்து உலக மரபுரிமையாக அறிவித்தது. கிணற்று நீர்மட்டம் இறங்குவதையும் உவர் ஏறுவதையும் வீட்டிலேயே பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, நீரைச் சேர்த்துவைக்கும் காடு எப்படியிருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் தெரியாது.

கோயில்களையும் சேர்த்துப் பார்க்கலாமா?

தாராளமாக. றம்பொடையில் ஆஞ்சநேயர் கோயில், நுவரெலியாவைத் தாண்டிச் சீதா எலியவில் ஓடைக்கரையில் சீதை அம்மன் கோயில். சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் மார்கழிப் பௌர்ணமிக்கும் வைகாசிப் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட பருவத்தில் பெரும்பாலும் மஸ்கெலியா வழியாகப் போவார்கள், லக்சபான அருவி அந்தப் பக்கம்தான். மலையேறிய அடுத்த நாள் லக்சபானவுக்குப் படியிறங்கக் கால் வராது, ஏறும் முன்னே பார்த்துவிடுங்கள்.

ஒரே ஓர் அருவிதான் பார்க்க முடியும் என்றால் எது?

முழங்கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு, தைமாதத்தில், துன்ஹிந்த. உயரம் 64 மீற்றர்தான். காட்டுக்குள்ளால் நடந்து, இரைச்சலை முதலில் கேட்டு, பிறகு திரும்பும் ஒரு வளைவில் அதைப் பார்க்கவேண்டும். எதிரே பார்வை மேடையில் நின்றால் நீர்த்துளிகள் முகத்தில் வந்து படும், குழந்தைகள் குளித்த அளவுக்கே மகிழ்வார்கள். பதுளையில் தங்கிவிட்டுக் காலையிலேயே போங்கள், கூட்டம் சேர்வதற்கு முன். வழியில் குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும், கையில் தண்ணீர்ப் போத்தலைத் தவிர வேறொன்றும் கொண்டுபோகவேண்டாம்.